கோபத்தோடு போய்வந்த அண்ணன்

அண்ணனை ஆண்டவர் கையில் ஒப்படைத்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும், கோவில்பட்டி டயாலிசிஸ் பிரிவில் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் மனைவி, என் மதினி, சொல்லிவிட்டார். உடனே உறவில் பெரியவர் ஒருவர், "நோயைப் பொறுமையா ஏத்துக்கிட்டாருன்னு மறக்காம எழுதிருமா" என்றார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்த ஒரு வரி எனக்கு எழுத வராமல் இல்லை. எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். மனசு ஒப்பவில்லை. அண்ணனைத் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள். ஆகவே அவர் எப்படி இருந்தாரோ அப்படியே சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது புதூருக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் எங்கள் சிற்றூரில். அப்பா ஆடு மேய்த்தார். அம்மா பருத்தி எடுக்கவும் களை பிடுங்கவும் கூலிக்குப் போனார். அண்ணன் மூத்தவர். நான் அவருக்குப் பல வருடம் இளையவள். சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நின்றுகொண்டே சாப்பிடுவார். கோவிலில் சாமியாரின் பிரசங்கம் நீண்டால் பக்கவாசல் வழியாக நழுவிப்போய், நற்கருணை நன்மை வாங்கும் நேரத்துக்கு ஒன்றும் தெரியாதவர்போல வரிசையில் நிற்பார். அம்மா ஏசாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அண்ணன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். படிப்பை விட்டுவிட்டு ஊர்ப் பையன்களோடு திருப்பூருக்கு வேலைக்குப் போனார். ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். "மெஷின் முன்னால உக்காந்தே கெடக்கணும்ட்டி. எனக்கு ஆகாது" என்றார். பிறகு எட்டயபுரம் பக்கம் ஒரு முதலாளியிடம் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, சில வருடங்களில் தனக்கென்று ஒரு பழைய டிராக்டரும் வாங்கிவிட்டார். டிராக்டரிலும் உட்கார்ந்துதானே இருக்க வேண்டும் என்று நான் ஒருமுறை கேட்டேன். "அது உக்காருதது இல்லட்டி, போறது" என்றார்.

சுற்றுவட்டாரத்தில் அண்ணன் உழாத காடு இல்லை. கோடை உழவுக்கும் விதைப்புக்கும் அவரைத் தேடித்தான் வருவார்கள். அந்த உழைப்பில்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார், கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தார், அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார். மதினியைக் கைப்பிடித்ததும், ஒரே மகளைப் படிக்கவைத்து கோயம்புத்தூரில் வேலைக்கு அனுப்பியதும் அதில்தான்.

மேடு பள்ளத்தில் நாள் முழுக்கக் குலுங்கியதில் அண்ணனுக்கு இடுப்புவலி வந்தது. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தோன்றியபோதெல்லாம் போட்டுக்கொண்டார். இரத்தக் கொதிப்பு இருந்ததும் தெரியாது. கால் வீங்கியபோது செருப்பு சிறிதாகிவிட்டது என்று புதுச் செருப்பு வாங்கினார். சோறு இறங்காமல் குமட்டியபிறகுதான் கோவில்பட்டிக்கு வந்தார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, வாரத்தில் மூன்று நாள் இரத்தத்தை எந்திரத்தில் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "எத்தன மணி நேரம் படுத்திருக்கணும்?" என்பதுதான். நான்கு மணி நேரம் என்றார் டாக்டர். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு சில மாதங்கள் யார் என்ன சொன்னாலும் கேட்கவில்லை. மூலிகை தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட ஊருக்கெல்லாம் அலைந்தார். கடைசியில் மூச்சுவிட முடியாமல் போனபோதுதான் டயாலிசிஸ் கட்டிலில் ஏறினார். மதினி தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று முன்வந்தார். சோதித்ததில் மதினிக்கே சர்க்கரை இருப்பது தெரிந்தது. என்னுடைய இரத்தப் பிரிவு சேரவில்லை. மகளுடைய சிறுநீரகத்தைப் பற்றிப் பேச்சை எடுக்கவே அண்ணன் விடவில்லை.

முதல் இரண்டு வருடங்கள் எங்கள் எல்லோருக்கும் பாடுதான். இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஊசி போட வழி செய்திருந்தார்கள். தொட்டால் உள்ளே விர்ரென்று அதிரும். அந்தக் கையை அண்ணன் பார்க்கவே மாட்டார். முழுக்கைச் சட்டைக்கு மாறினார். படுத்துக் கொஞ்ச நேரம் ஆனதுமே, "சிஸ்டர், போதும், கழட்டுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். பாதியில் எழுந்து வந்த நாட்களும் உண்டு. வீட்டுக்கு வந்தால் தாகம். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். எங்கள் பக்கத்து வெயிலில் அரை லிட்டர் என்பது எந்த மூலைக்கு? வாயைக் கொப்பளித்துத் துப்புவார், ஈரத்துணியை உதட்டில் வைத்துக்கொள்வார், வீட்டுக்கும் தெருவுக்கும் நடப்பார், திரும்பவும் நடப்பார். உப்பில்லாத குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு, தள்ளி வைத்ததற்காக மதினியிடமே கோபித்துக்கொள்வார்.

டாக்டர் சொன்னார், சாமியார் சொன்னார், வந்துபோன உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்: ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. ஒரு நாள் என்னிடம் வெடித்தார். "எல்லாரும் ஏத்துக்கோ ஏத்துக்கோங்காவ. அத எந்தக் கையால ஏத்துக்கிடுததுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டுக்காவ."

அவரை அதைவிட வாட்டியது வேறொன்று. டிராக்டர் வேலையை மதினி ஏற்று, ஓட்டுவதற்கு ஓர் ஆளும் வைத்துவிட்டார். உழவுக்குக் கேட்டு வருகிற விவசாயிகளான சம்சாரிகள் மதினியிடம் பேசினார்கள். அண்ணன் எதிரே நாற்காலியில் இருப்பார். "அவியளுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மதினியிடமே கேட்பார்கள். அப்படி ஒருவர் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். அண்ணன் சத்தம் போட்டார்: "ஏல, நான் இங்கனதானே இருக்கேன். எங்கிட்டக் கேட்டா வாயி வெந்திருமா?" வந்தவர் பாவம், பயந்துபோய் எழுந்துவிட்டார். அண்ணனுக்கு நோவக்கூடாது என்று நினைத்துத்தான் எல்லோரும் அப்படி நடந்துகொண்டோம். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் வேலையைக்கூட அவரிடம் கொடுக்காமல் நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அண்ணன் நோயை ஏற்றுக்கொள்வதற்கு முன்பே நாங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். தன் வீட்டிலேயே நோயாளியாக மட்டும் இருப்பது அவருக்குத் தாங்கவில்லை.

அந்த இரண்டாவது வருடம் புரட்டாசி முடியும்வரை மழை இல்லை. ஐப்பசி பிறந்து ஒரு மதியத்தில் கொட்டித் தீர்த்தது. கரிசல் மண்ணில் மழை பெய்த மறுநாள் கால் வைக்க முடியாது, ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் பதத்துக்கு வரும். அந்தப் பதத்தை விட்டால் காய்ந்து பாறையாகிவிடும். அந்த இடைவெளிக்குள் எல்லோருக்கும் உழவேண்டும், எல்லோருக்கும் விதைக்கவேண்டும். எங்கள் வீட்டு டிரைவரோ சொந்த ஊரில் தன் காட்டை விதைக்கப் போய்விட்டார். மதினியின் கைப்பேசி விடாமல் அடித்தது. இல்லை, இல்லை என்று அவர் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மண் பதத்துக்கு வந்த அன்று அண்ணனுக்கு டயாலிசிஸ் முறை. வழக்கமாக அழைத்துப்போகும் காரோடு அந்தோணி வந்து வாசலில் நின்றார். அந்தோணி எங்கள் ஊர்க்காரர். அண்ணனோடு படித்தவர். மதினி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் அண்ணனைக் காணோம், டிராக்டரையும் காணோம்.

மதினி காடு காடாகத் தேடிப்போய்க் கண்டுபிடித்தார். வரப்பில் நின்று கத்தினார். அண்ணன் வண்டியை நிறுத்தவில்லை. உழவுசால் திரும்பும் வரப்போரத்தில் வேகத்தைக் குறைத்து, "நாளைக்குப் போவோம்ளா" என்று சொல்லிவிட்டு மறுசாலுக்குப் போய்விட்டார். மறுநாளும் போகவில்லை. அடுத்த முறையும் தவறியது. காட்டில் யார் யாரோ கொடுத்த தண்ணீரையும் மோரையும் கணக்கில்லாமல் குடித்திருக்கிறார். நான் கோவில்பட்டியிலிருந்து போன் செய்தபோது டிராக்டர் சத்தத்துக்கு மேல் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. வெகுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. போனை வைத்துவிட்டு, வகுப்பில் நிற்கவும் முடியாமல் வீட்டில் இருக்கவும் முடியாமல் தவித்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், கடைசிக் காட்டை முடித்துவிட்டு, டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சு முழுக்க நீர். காரில் அவரை நிமிர்த்திப் பிடித்தபடியே மதினி கொண்டுவந்தார். மருத்துவமனை வாசலில் நான் பார்த்தபோது உதடு நீலம் பூத்திருந்தது. உடனே எந்திரத்தில் போட்டார்கள். பிழைப்பாரா என்று நான் கேட்டதற்கு, சிஸ்டர், "ஜெபம் பண்ணுங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

பிழைத்தார். மறுநாள் கண் தெளிந்ததும், "செத்துப் போயிருப்பியேண்ணே" என்று அழுதேன். முகத்தை மூடியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அவர் சொன்னார்: "இந்த மூணு நாளும் நான் சீக்காளியா இல்லட்டி. ஒருத்தனும் எங்கிட்ட எப்படி இருக்கீயன்னு கேக்கல. எப்ப வருவீயன்னுதான் கேட்டானுவ."

மதினி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று முழுக்க அண்ணனோடு பேசவில்லை. மறுநாள் கஞ்சி கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "உங்களுக்கு உழவு வேணும். உழுறதுக்கு நீங்க இருக்கணும்லா? ரெண்டையும் நான் பாத்துக்கிடுதேன். இனிமே எங்கிட்டச் சொல்லாம வண்டிய எடுத்தா, அன்னைக்கோட நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்." கத்தாமல் சொன்னார். அண்ணன் கஞ்சியைக் குடித்தார்.

அதன் பிறகு மதினி செய்ததுதான் அண்ணனுக்குக் கூடுதல் ஆயுளைக் கொடுத்தது என்று நான் நம்புகிறேன். சிஸ்டரிடம் பேசி, காலை முதல் முறைக்கு மாற்றித்தரக் கேட்டார். அந்த நேரத்தில் வந்துகொண்டிருந்த வயதான ஓர் ஆசிரியர், "எனக்கு எந்த நேரமும் ஒண்ணுதாம்மா, நான் மதியம் வாரேன்" என்று விட்டுக்கொடுத்தார். முறை நாளில் அண்ணன் விடியுமுன் புறப்பட்டு வருவார். முடிந்ததும் எங்கள் வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டு மாலையில் ஊர் திரும்புவார். மற்ற நாட்களில் வெயில் ஏறும்வரை மட்டும் டிராக்டர். அதுவும் பக்கத்தில் மட்கார்டு மேல் மதினி உட்கார்ந்திருப்பார், மடியில் அளந்து ஊற்றிய தண்ணீர் போத்தலோடு. ஊரில் முதலில் சிரித்தார்கள். "புருசன் பெஞ்சாதி ஊர்கோலம் போறாவ" என்றார்கள். மதினி சட்டை செய்யவில்லை. பிறகு அடுத்த மழைக்கு, உழவு கேட்டு வந்தவர்கள் அண்ணனிடமே பேசினார்கள். "உங்களுக்கு முறை என்னைக்கு அண்ணாச்சி? அத விட்டு மறுநா வச்சிக்கிடுவோம்" என்றார்கள். எங்கள் ஊர்ச் சம்சாரிகளுக்கு அண்ணனின் டயாலிசிஸ் கிழமைகள் சந்தைக் கிழமையைப்போல மனப்பாடம் ஆயின.

அதனால் அண்ணன் மாறிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். காரில் ஏறும்போதே முனகத் தொடங்குவார். ரோட்டை ஏசுவார், அந்தோணியை ஏசுவார், ஊசியை ஏசுவார். கட்டிலில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் பாதியில் கழற்றச் சொல்வது நின்றுபோனது. முழுக்கைச் சட்டையும் போனது.

ஒரு நாள் எதிர்க் கட்டிலுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். பெயர் செல்வி, எட்டயபுரம் பக்கம். முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு சிறு பெண்பிள்ளைகளின் தாய். முதல் ஊசி போட்டதுமே அழுதவர், இனிமேல் வரமாட்டேன், செத்தாலும் பரவாயில்லை என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டார். கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அன்று அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். சிஸ்டர் அண்ணனிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்க வருசக்கணக்கா வாரீங்க. மனசார ஏத்துக்கிட்டா எல்லாம் லேசாயிரும்னு இந்தப் பிள்ளைகிட்டக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

"நான் எங்கம்மா ஏத்துக்கிட்டேன்?" என்றார் அண்ணன்.

சிஸ்டருக்கு முகம் சுண்டிவிட்டது. செல்வி திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் கோவந்தான் தாயி" என்று அண்ணன் அவரிடம் நேரடியாகப் பேசத் தொடங்கினார். "இன்னைக்கு முறைன்னு நெனைச்சாலே எரிச்சலா வரும். வழிநெடுக ஏசிக்கிட்டுத்தான் வாரேன். நம்பலன்னா இந்தா, எந்தங்கச்சிகிட்டக் கேளு."

"பெறவு எதுக்கு வாரீய?" என்றார் செல்வி.

"போன வாரம் ஒரு காட்டுல பாசிப்பயறு வெதைச்சேன். மொளைச்சிருக்கான்னு போய்ப் பாக்கணும். அதுக்குத்தான் வாரேன். அதப் பாத்தப்பெறவு வேற ஒண்ணு வரும். மனசாரத்தான் வரணும்னு யாரு சொன்னா? புடிக்காமலே வா. கோவத்தோடயே வா. மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது."

செல்வி ஊசி குத்திய தன் கையைப் பார்த்தார். பிறகு, "இந்தக் கையால இனிமே ஒண்ணுமே செய்யக்கூடாதுன்னு சொல்லுதாவ. எம்பிள்ளையளுக்குச் சடை பின்னணும்" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு மறுபடி அழுகை வந்தது.

அண்ணன் ஊசி போடாத கையால் என்னைக் கூப்பிட்டு, இடது கையின் மேலிருந்த போர்வையை விலக்கச் சொன்னார். புடைத்து முறுக்கேறிக் கிடந்த அந்தக் கையை அவராக ஒருவருக்குக் காட்டியதை அன்றுதான் பார்த்தேன். "இந்தக் கையும் சேத்துத்தான் ஸ்டியரிங் பிடிக்கேன். வெயிட்டுதான் தூக்கப்பிடாது. சடையில என்ன வெயிட்டு இருக்கு?"

செல்விக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த முறைக்கு அவர் வந்தார். அதற்கடுத்ததற்கும் வந்தார். வந்ததும் இரண்டு பேரும் எதிரெதிரே படுத்துக்கொண்டு, அன்றைக்கு யாருக்குக் கோபம் அதிகம் என்று பேசிக்கொள்வார்களாம். சிஸ்டர் சொல்லிச் சிரித்தார்.

கடைசி வருடம் அண்ணனின் இருதயம் தளர்ந்தது. எந்திரத்தில் போட்டால் இரத்த அழுத்தம் இறங்கிவிடும், நிறுத்துவார்கள், மறுபடி போடுவார்கள். டிராக்டரில் ஏற முடியவில்லை. இனி எவ்வளவு காலம் என்று டாக்டரிடம் அவரே கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் டிரைவரைக் கூப்பிட்டு, எந்தக் காட்டில் எங்கே பள்ளம், எங்கே பாறை, எந்த ஓடையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்று பல நாள் சொல்லிக்கொடுத்தார். மதினி பக்கத்தில் இருந்து கேட்டார். என்னிடம் ஒரு நாள், "பயமா இருக்குட்டி" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் இறந்தது ஒரு முறை நாளில், வரும் வழியில். எட்டயபுரம் தாண்டியதும், "என்னல இவ்வளவு பைய ஓட்டுத" என்று அந்தோணியை ஏசியிருக்கிறார். காற்று வேண்டும் என்று கண்ணாடியை இறக்கச் சொல்லி, மதினியின் தோளில் சாய்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்றே மதினி நினைத்தார். மருத்துவமனை வாசலில் கார் நின்றபோதுதான் தெரிந்தது. ஓடிவந்த சிஸ்டர்கள் எல்லா முயற்சியும் செய்தார்கள். உயிர் வழியிலேயே போயிருந்தது.

மறுநாள் அடக்கம். வீட்டில் ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. செல்வி இறங்கினார். கடைசி வருடம் அவருடைய முறை வேறு கிழமைகளுக்கு மாறியிருந்தது. கையில் ஊசிபோட்ட இடத்துக் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. நேரே மதினியிடம் போய்ச் சொன்னார்: "இன்னைக்கு எனக்கு முறைக்கா. விட்டுட்டு ஓடி வந்திரலாம்னுதான் நெனைச்சேன். வந்தா அண்ணாச்சி பெட்டிக்குள்ள இருந்தே ஏசுவாவன்னு, முடிச்சிட்டு வாரேன்."

முதல் நாளிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த மதினி அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

அண்ணனைச் சலிக்காமல் சுமந்த அந்தோணி அண்ணனுக்கும், ஏச்சுக்கு முகம் சுளிக்காத டயாலிசிஸ் பிரிவு சிஸ்டர்களுக்கும் டாக்டர்களுக்கும், முறையை மாற்றிக்கொடுத்த ஆசிரியர் ஐயாவுக்கும், கிழமை பார்த்து உழவு சொன்ன ஊர்ச் சம்சாரிகளுக்கும், நோயில்பூசுதல் என்னும் அருட்சாதனம் தந்து தேற்றிய பங்குச் சாமியாருக்கும், அடக்கத்துக்கு வந்து தோள்கொடுத்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. மதினிக்கு நன்றி சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு நாளைக்கு முறை இருக்கும். போக மனமில்லாமல் இருக்கும். அப்படியே போய்வாருங்கள்.

— தங்கை, கோவில்பட்டி